ஓவியர் ரஸாவின் கையெழுத்துள்ள ஸ்கிரீன் பிரிண்ட், ஓரத்தில் 43/100: வைத்துக்கொள்வதா, விற்பதா?

செம்பூர் மீனாட்சி

மும்பையில் ஓவியம், அச்சு பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

என் மாமனார் ஒரு பெரிய தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து 2008இல் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம் கொடுத்தார்கள். அன்று முதல் அது எங்கள் செம்பூர் வீட்டுக் கூடத்தில், பால்கனிக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. நடுவில் பெரிய கறுப்பு வட்டம். அதைச் சுற்றிச் சதுரங்கள். கீழே மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் முக்கோணங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், காவி. என் மாமியார் அதை ஏதோ யந்திரம் என்றே நினைத்து வெள்ளிக்கிழமைகளில் ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தவில்லை.

இப்போது கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். வாடகை வீட்டுக்கு மாற வேண்டும். படத்தை இறக்கித் துடைத்தபோதுதான் அடியில் பென்சில் எழுத்தைக் கவனித்தேன். இடப்பக்கம் 43/100. வலப்பக்கம் ஆங்கிலத்தில் ரஸா என்ற கையெழுத்து, அருகில் 2007. கண்ணாடியின் உட்புறம் சாம்பல் நிறப் புள்ளிகள் பூத்திருக்கின்றன.

ஃபிரேம் கடைக்காரர் “இது போஸ்டர், சட்டத்துக்குத்தான் விலை” என்றார். அவர் அனுப்பிய ஒருவர் வந்து பார்த்து 15,000 ரூபாய்க்கு உடனே எடுத்துக்கொள்கிறேன் என்றார். போஸ்டருக்கு யார் 15,000 கொடுப்பார்கள்? அமெரிக்காவில் இருக்கும் மகன், தாத்தாவின் நினைவாக எனக்கு வேண்டும் என்கிறான். இது உண்மையானதுதானா? அந்த எண் எதைக் குறிக்கிறது? வெளிநாட்டுக்கு எடுத்துப்போகச் சட்டம் இடம் கொடுக்குமா?

சயான் ராஜன்

அக்கா, யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். 2023இல் மும்பை ஏலத்தில் ரஸாவின் படம் ஒன்று 51.75 கோடிக்குப் போனது. செய்தித்தாளில் படித்தேன். 15,000 கேட்டவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார். உடனே வங்கி லாக்கரில் வையுங்கள்.

தொண்ணூறடி ரோடு அண்ணாச்சி

ராஜன் தம்பி, கோடி என்று எழுதி அந்த அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். சட்டத்தோடு இருக்கும் அந்தப் படம் எந்த வங்கி லாக்கருக்குள் நுழையும்? 51.75 கோடிக்குப் போனது ‘ஜெஸ்டேஷன்’, ரஸா 1989இல் தன் கையால் கேன்வாஸில் தீட்டியது. உலகத்தில் ஒன்றுதான் உண்டு. இந்த அம்மாவிடம் இருப்பது தாளில் அச்சானது. இதே படம் இன்னும் தொண்ணூற்றொன்பது வீடுகளில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஓவியரின் பெயர் ஒன்று என்பதால் விலையும் ஒரே ஏணியில் நிற்காது.

அதற்காக ஃபிரேம் கடைக்காரரின் பேச்சையும் நம்ப வேண்டாம். போஸ்டர் என்று சொல்லிவிட்டு ஆளையும் அனுப்புகிறவருக்குத் தான் பார்த்தது என்னவென்று நன்றாகவே தெரியும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதில் தாராவிக்கு வந்து ஸ்கிரீன் பிரிண்டிங் பழகியவன். பனியன் முத்திரை, மருந்துக் குப்பி, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அடித்துவிட்டு, பிறகு லோயர் பரேலில் ஓவியர்களின் படங்களை அச்சடிக்கும் பட்டறையில் பல காலம் இருந்தேன். ரஸாவின் தாள் எதுவும் என் கையில் அச்சானதில்லை. ஆனால் இந்த வகை வேலை எப்படி நடக்கும், எந்த இடத்தில் பொய் சொல்ல முடியாது என்பது தெரியும்.

வேலை இதுதான். மரச் சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ மெல்லிய வலையை முறுக்காக இழுத்துக் கட்டுவோம். முன்பு பட்டு, இப்போது பாலியெஸ்டர். நுணுக்கமான படத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள வலை. அதன்மேல் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவோம். ஃபிலிமில் கறுப்பாக இருந்த இடம் மட்டும் இறுகாமல் தண்ணீரில் கழுவிப் போகும். அந்தத் திறப்பு வழியாக ஸ்குவீஜி என்னும் ரப்பர் பட்டையால் மையை, இடியாப்ப உழக்கில் மாவை அழுத்துவது போல, தாளில் இறக்க வேண்டும். ஒரு திரைக்கு ஒரு நிறம். கறுப்பு வட்டம், நாலு நிறம் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிகிற படத்துக்கு உள்ளே இருபது முப்பது திரைகள்கூட இருக்கலாம். ஓவியர் தூரிகையை இழுத்த தடம், ஒரு சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு கசிந்த இடம், இவை ஒவ்வொன்றும் தனித் திரை. ஒரு நிறம் அடித்து, ரேக்கில் காயவைத்து, மறுபடி எல்லாத் தாள்களையும் எடுத்து அடுத்த நிறம். நூறு நல்ல தாள் வேண்டுமென்றால் கூடுதலாகவே தொடங்குவோம், வழியில் கெட்டுப்போகும். மும்பை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொட மாட்டோம். தாள் ஈரத்தைக் குடித்து விரிந்துவிடும், காலையில் அடித்த நீலத்தின் ஓரத்தில் மாலையில் மஞ்சள் வந்து உட்காராது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். நகைக்கடைக்காரர் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள். சிவப்பு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ரோஜாப் பூ வடிவில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் அடுக்காகத் தெரிந்தால் அது ஆஃப்செட், ஃபிரேம் கடைக்காரர் சொன்ன போஸ்டர்தான். ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல் நுண்புள்ளிகள் இருந்தால் கணினி இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் நிறம் ஒரே படலமாக இருந்தால் ஸ்கிரீன். அடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு செல்பேசி டார்ச்சைத் தாளோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். ஆஃப்செட் மை ஒன்றிரண்டு மைக்ரான்தான் நிற்கும், தாளோடு தாளாகப் படுத்துக்கிடக்கும். எங்கள் மை அதைவிடப் பல மடங்கு தடிமன். ஒரு நிறம் முடிந்து இன்னொன்று ஏறும் இடத்தில் மெல்லிய வரப்பு தெரியும். கறுப்பு வட்டத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். நல்ல பட்டறை ஒரே கறுப்போடு விடாது. மங்கலான கறுப்பின்மேல் பளபளப்பான கறுப்பை இன்னொரு தடவை ஓட்டியிருக்கும், ஆழம் வரவேண்டும் என்பதற்காக.

கையெழுத்துக்கும் அதே டார்ச். பென்சில் கிராஃபைட் சாய்ந்த வெளிச்சத்தில் ஈயம்போல் மின்னும், அழுத்திய இடத்தில் தாள் குழிந்திருக்கும். இந்தத் தாள்களில் பென்சிலால் கையெழுத்துப் போடும் வழக்கம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பேனா மை நிறம் மாறும், பென்சில் மாறாது.

43/100 என்றால் நூறு தாள்கள் கொண்ட பதிப்பில் உங்களுடையது 43ஆம் எண். நாற்பத்து மூன்றாவதாக அச்சானது என்று எண்ண வேண்டாம். எல்லாத் தாளும் எல்லாத் திரையையும் கடந்த பிறகு, அடுக்கிலிருந்து எடுத்து எடுத்து எண் போடுவார்கள். 1/100 வைத்திருப்பவர் உசத்தி என்பதெல்லாம் விற்கிறவர்கள் கட்டிய கதை. இந்த நூறுக்கு வெளியே ஓவியருக்கென்று சில தாள்கள் உண்டு, வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு. அவற்றில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ‘ஏ.பி.’ (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று எழுதியிருக்கும். அச்சடித்தவனுக்கு ‘பி.பி.’ (பிரிண்டர்ஸ் ப்ரூஃப்) என்று ஒன்றிரண்டு. எனக்குக் கிடைத்தவற்றை ஒரு வெள்ளத்தில் இழந்தேன், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சோதனை எல்லாம் இது ஸ்கிரீனில் அச்சானது என்பதைச் சொல்லும். ரஸா ஒப்புக்கொண்டு வெளியிட்ட தாள் என்பதைச் சொல்லாது. போலி செய்பவனும் ஸ்குவீஜி பிடிக்கத் தெரிந்தவனாக இருக்கலாம். 2009 ஜனவரியில் டெல்லியில் தன் பெயரில் நடந்த கண்காட்சித் திறப்புக்கு ரஸாவே போய், சுவரில் தொங்கியவற்றில் பல தான் வரைந்தவை இல்லை என்று கண்டார். கண்காட்சியை மூடினார்கள். உயிரோடு இருந்தவருக்கே அந்த நிலை. ஆகவே காகிதம் வேண்டும். அந்த நிறுவனம் யாரிடம் வாங்கியது, ரசீது, சான்றிதழ், படத்தின் பின்பலகையில் ஒட்டிய சீட்டு, எதுவாக இருந்தாலும் தேடுங்கள். மாமனாரோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். கணக்குப் பிரிவு ஆட்களுக்கு ரசீது மறக்காது.

உங்கள் மாமியார் ஊதுபத்தி காட்டியதைக் கேலியாக எடுக்க வேண்டாம், அவர் ஓவியருக்கு மிகப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். ரஸா 1922இல் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் காட்டை ஒட்டிய ஊரில் பிறந்தவர், அப்பா வனத்துறைக்காரர். கவனம் நில்லாத பையனைப் பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்த்திரு என்றாராம். பின்னாளில் தன் படங்களின் நடுவில் வைத்த ‘பிந்து’ என்ற புள்ளியின் வேர் அது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் அந்தப் புள்ளி படத்துக்குள் வந்து உட்கார எவ்வளவு காலம் பிடித்தது பாருங்கள். நாகபுரியில் படித்து, 1943இல் பம்பாய் வந்து, பிழைப்புக்கு எக்ஸ்பிரஸ் பிளாக் ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். பிளாக் என்றால் படத்தை உலோகத் தகட்டில் அரித்து அச்சுக்குக் கொடுப்பது. எங்கள் தொழிலுக்கு அண்ணன். ரஸாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள், நான் தாண்ட மாட்டேன்.

1947இல் சூசா, உசேன், ஆரா, பாக்ரே, காடே ஆகியோருடன் பம்பாயில் முற்போக்குக் கலைஞர்கள் குழுவைத் தொடங்கினார். 1950இல் பாரிஸ் போனார். ஊர்களும் வீடுகளும் வரைந்து 1956இல் அங்கே விமர்சகர் விருது வாங்கினார். 1962இல் கலிஃபோர்னியாவில் பாடம் எடுக்கப் போனபோது அமெரிக்க அருவ ஓவியர் ரோத்கோவின் படங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. இந்தியாவுக்கு வந்து வந்து போன பிறகு, 1970களின் பிற்பகுதியில்தான் அந்தக் கறுப்பு வட்டம் நடுவில் வந்து நின்றது. அதன்பின் முக்கோணம், பஞ்சபூதம், பிரகிருதி புருஷன் என்று தலைப்புகளே கோயில் வாசலில் கேட்பவைபோல் இருக்கும். ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பையன் பிரான்சில் உட்கார்ந்துகொண்டு செய்த வேலை இது. 2010 கடைசியில் டெல்லிக்குத் திரும்பினார், 2016இல் காலமானார், மண்டலாவில் தந்தையின் அருகில் அடக்கம்.

வெளிநாடு பற்றி: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி சில ஓவியர்களின் படைப்புகளை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. ரவிவர்மா, தாகூர் குடும்பத்து மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில், ரோரிக், சைலோஸ் முகர்ஜி. ரஸா அந்தப் பட்டியலில் இல்லை. மகன் எடுத்துப்போகலாம்.

முலுண்ட் சண்முகம்

அண்ணாச்சி விளக்கமாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் எனக்கு ஒரு வருத்தம். நம்மவர்கள் வீட்டில் ரஸா இருக்கிறார், உசேன் இருக்கிறார், ஆதிமூலம் இருக்கிறாரா? திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டில் அவர் வரைந்த கோட்டுச் சித்திரங்களும், இலக்கியப் புத்தகங்களுக்குப் போட்ட அட்டைகளும் இல்லாமல் என் தலைமுறை தமிழ் படிக்கவில்லை. பிற்காலத்தில் அவர் செய்த வண்ண அருவப் படங்கள் ரஸாவுக்கு எந்த விதத்தில் குறைச்சல்? மும்பையில் ஒரு நிறுவனமாவது ஓய்வு பெறுகிறவருக்கு ஆதிமூலத்தைக் கொடுத்திருக்குமா?

தொண்ணூறடி ரோடு அண்ணாச்சி

சண்முகம் சார், குறைச்சல் என்று யாரும் சொல்லவில்லை. அச்சுக்காரனாகச் சொன்னால், ஆதிமூலத்தின் கோட்டுச் சித்திரம் எங்களுக்கு வரம். ஒரு திரை, ஒரு கறுப்பு, கோட்டின் பிசிறு வரை அப்படியே இறங்கும். அவருடைய வண்ணப் படம் எங்களைக் கொன்றுவிடும். சாந்தைக் கத்தியால் இழுத்து ஒன்றுக்குள் ஒன்று குழைந்த நிறத்தைத் திரை திரையாகப் பிரிக்கப் போனால் பாதியில் பைத்தியம் பிடிக்கும். ரஸாவின் கடைசிக் காலப் படங்கள் சதுரமும் வட்டமுமாக எல்லை கட்டி நிற்பதால் ஸ்கிரீனுக்குத் தோதாக அமைந்தன. அவர் இத்தனை வீட்டுச் சுவர்களுக்கு வந்ததில் புகழுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தத் தோதுக்கும் உண்டு என்பது என் கட்சி. நிறுவனங்கள் யாருக்கு என்ன கொடுக்கின்றன என்பதைப் பற்றி வேறு இடத்தில் சண்டை போடுவோம்.

செம்பூர் மீனாட்சி

அண்ணாச்சி, மிக்க நன்றி. செம்பூர் நாக்காவில் தெரிந்த நகைக்கடையில் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். புள்ளிகள் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் நீலத்தின் ஓரம் கோடு கட்டியதுபோல் மேடாக இருக்கிறது. கறுப்பு வட்டத்துக்குள் பளபளப்பான இன்னொரு வட்டம் இருக்கிறது, இத்தனை வருடத்தில் என் கண்ணில் பட்டதே இல்லை! மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எனக்குத் தெரியுமே” என்றார்.

பின்பலகையில் ஒரு கலைக்கூடத்தின் சீட்டு பாதி கிழிந்து ஒட்டியிருக்கிறது. மாமனாரோடு ஓய்வு பெற்ற ஒருவர் தாணேயில் இருக்கிறார். அவரிடமும் இதே படம், எண் 51/100. அதற்கு ஒரு சான்றிதழ் உறையும் பத்திரமாக வைத்திருக்கிறார். நிறுவனம் அந்த வருடம் மூத்த அதிகாரிகளுக்கு மொத்தமாக வாங்கியதாம். எங்கள் உறை எங்கே போனதோ.

ஆனால் ஒரு குழப்பம். அவர் அனுப்பிய புகைப்படத்தில் சிவப்பு குங்குமம்போல் இருக்கிறது. எங்கள் படத்தில் செங்கல் நிறம். காவியும் வெளிறியிருக்கிறது. ஒரே பதிப்பில் இரண்டு சிவப்பு இருக்குமா? இரண்டில் ஒன்று போலியா?

தொண்ணூறடி ரோடு அண்ணாச்சி

அம்மா, முதலில் செல்பேசிப் புகைப்படத்தை வைத்துச் சிவப்பை ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு செல்பேசிக்கும் ஒரு சிவப்பு. இருந்தாலும் உங்கள் சந்தேகத்துக்குப் பதில் உங்கள் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை அட்டை ஜன்னல்போல் வெட்டி வைத்திருப்பார்கள். நிறம் அந்த அட்டைக்கு அடியில் கொஞ்சமாவது போயிருந்தால் அந்த ஓரத்தைப் பாருங்கள். வெளிச்சம் படாத ஓரத்தில் குங்குமச் சிவப்பும், வெளியே தெரிந்த பகுதியில் செங்கலும் இருந்தால், இரண்டும் ஒரே மைதான், உங்களுடையதை வெயில் தின்றிருக்கிறது. பால்கனிக்கு எதிர்ச்சுவர் என்று எழுதினீர்களே, அப்போதே நினைத்தேன். சில சிவப்புகளும் மஞ்சள்களும் வெளிச்சத்துக்கு நிற்காது, கறுப்பும் நீலமும் தாக்குப்பிடிக்கும்.

ஓரத்திலும் செங்கல் நிறமே இருந்தால் அப்போது பேசுவோம். மை நடுவில் தீர்ந்து மறுபடி கலக்கும்போது சிறு வித்தியாசம் வரும். கலக்குகிறவன் கண்ணை நம்பித்தான் கலக்குகிறான், தராசை நம்பி இல்லை. ஆனால் குங்குமத்துக்கும் செங்கலுக்கும் இடையே அவ்வளவு தூரம் போனால் மேஸ்திரி அந்த அடுக்கைக் கிழித்துப்போட்டிருப்பார்.

மாட்டுங்கா காகித மருத்துவர்

பழைய தாள்களைப் பராமரிப்பது என் வேலை. அண்ணாச்சி சொல்லாத பகுதியை மட்டும் சொல்கிறேன்.

சாம்பல் புள்ளிகள் பூஞ்சை. தாளில் பரவியிருந்தால் நீங்களே துடைக்காதீர்கள், ஈரத்துணி வேண்டவே வேண்டாம், ஸ்கிரீன் மையின்மேல் தேய்த்தால் பளபளப்புத் தடம் நிரந்தரமாக விழும். படத்தை எடுத்துத் தாள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். தொட்டிருந்தால் மும்பை ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே கொண்டுபோய் ஒரு பராமரிப்பாளரிடம் கொடுங்கள். ஜன்னல் அட்டையின் வெட்டுவாய் பழுப்பாகியிருந்தால் அது அமிலமுள்ள மலிவு அட்டை, தாளிலும் பழுப்புக் கோடு ஏற்றியிருக்கும். புதிதாக அமிலமற்ற அட்டை போடச் சொல்லுங்கள். பின்னால் செலோடேப் ஒட்ட விடாதீர்கள், கேட்காமலே ஒட்டிவிடுவார்கள். முன்பக்கம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் நல்லது. வெளிறிய நிறத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தீட்டிச் சரிசெய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் வாசலைக் காட்டுங்கள்.

கிழிந்த சீட்டைப் பலகையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஃபிரேம் மாற்றும்போது பழைய பலகையைக் குப்பையில் போடுவது வழக்கம்.

செம்பூர் மீனாட்சி

பார்த்தோம். அட்டைக்கு அடியில் விரல் அகலத்துக்குக் குங்குமச் சிவப்பு இருக்கிறது! அட்டையின் வெட்டுவாய் பழுப்புதான். தாள் கண்ணாடியில் ஒட்டவில்லை, புள்ளிகளும் கண்ணாடியோடு நின்றுவிட்டன. தாணேக்காரர் தன் சான்றிதழின் நகலையும், நிறுவனம் அந்த வருடம் அனுப்பிய கடிதத்தையும் தந்திருக்கிறார். அதில் எங்கள் மாமனாரின் பெயரும் இருக்கிறது.

இனி இரண்டே கேள்விகள். விற்பதானால் நியாயமான விலையை எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, நாத்தனார் மகன் இதை நன்றாக ஸ்கேன் செய்து கேன்வாஸில் அச்சடித்து எல்லோர் வீட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்கிறான். அண்ணாச்சி என்ன சொல்கிறீர்கள்?

தொண்ணூறடி ரோடு அண்ணாச்சி

நாத்தனார் மகனிடம் சொல்லுங்கள், தாள் உங்களுடையது, படத்தின் பதிப்புரிமை உங்களுடையது இல்லை. நம் சட்டத்தில் ஓவியர் இறந்த வருடம் முடிந்து 60 ஆண்டுகள், அதாவது 2076 வரை. சட்டம் கிடக்கட்டும். வெளிறிய செங்கல் நிறத்தை ஸ்கேன் செய்து ஏழு வீட்டில் மாட்டி என்ன செய்யப் போகிறார்?

விலைக்கு: ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய முடிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. ரஸாவின் கேன்வாஸ் விலைகளைப் பார்க்காதீர்கள், பார்த்தால் வயிறு எரியும். அவருடைய ஸ்கிரீன் பிரிண்டுகளை மட்டும் எடுங்கள். அதிலும் இதே தலைப்பு, இதே அளவு, நூறு தாள் பதிப்பு. அப்படி மூன்று நான்கு கிடைத்தால் உங்கள் கணக்கு அங்கே தொடங்கும். அதிலிருந்து நிறம் வெளிறியதற்கும் அட்டைப் பழுப்புக்கும் கழிப்பார்கள், ஏலக்காரர் கமிஷனையும் கழியுங்கள். 15,000 கேட்டவரிடம் இதே முடிவுகளைக் காட்டி எப்படி அந்த எண்ணுக்கு வந்தார் என்று கேளுங்கள், முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று நிச்சயம்: கேன்வாஸ்போல் ஏறும் என்று பத்து வருடம் பூட்டி வைக்கிற பொருள் இது இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் கலைக்கூடங்கள் உண்டு, எனக்கு அதில் கோபமும் உண்டு.

சேகரிப்பாளர்கள் சிலர் இதை ஓவியர் கை படாத நகல் என்று ஒதுக்குவார்கள். ஓவியர் அச்சுக்கென்றே யோசித்துச் செய்த தாள் ஒரு வகை, கேன்வாஸைப் பார்த்துப் பட்டறை பிரித்தெடுத்து ஓவியர் ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்திட்டது இன்னொரு வகை. உங்களுடையது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும், விலையில் அதற்கு ஒரு படி இறக்கம் உண்டு, நியாயம்தான். ஆனால் கை படாதது என்று என் முன்னால் சொன்னால் சும்மா இருக்க மாட்டேன். அந்தக் கறுப்புக்குள் கறுப்பு வைத்தது ஒருவனுடைய கை. மும்பையிலோ பரோடாவிலோ எங்கோ ஒரு பட்டறையில், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்து, இன்னும் ஒரு தடவை ஓட்டு என்று சொன்ன ஒரு மேஸ்திரியின் கண். எங்கள் பட்டறைகளில் அச்சடித்தவன் முத்திரையைத் தாள் ஓரத்தில் அமுக்குகிற வழக்கம் வேரூன்றவே இல்லை, ஆகையால் அவன் பெயர் உங்களுக்குக் கிடைக்காது.

என்னைக் கேட்டால் மகனுக்குக் கொடுங்கள். விற்று வரும் பணம் வாடகை வீட்டு முன்பணத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அனுப்பும்போது சட்டத்தோடு அனுப்பாதீர்கள், கண்ணாடி வழியில் உடைந்தால் தாளைக் கீறும். காகித மருத்துவரிடம் சொல்லி, அமிலமற்ற தாளில் சுற்றி, அகலமான அட்டைக் குழாயின் வெளிப்புறத்தில் படம் வெளியே பார்க்க உருட்டி, அதன்மேல் இன்னொரு குழாயைச் செருகச் சொல்லுங்கள். ஒல்லியான குழாய் வேண்டாம், தடித்த மை வெடிக்கும். தாணேக்காரர் கடிதத்தின் நகலும் அந்தக் கிழிந்த சீட்டும் மகனிடமே போகட்டும். மழை முடிந்து அக்டோபரில் அனுப்புங்கள். அதுவரை மாமியார் அறையில் இருக்கட்டும், பால்கனி வெயில் படாத சுவராகப் பார்த்து.